கமராப் பையும் ஸ்கேனர் திரையும்

மட்டக்களப்பில் கலியாணமும் சாமத்தியவீடும் படம் எடுத்துப் பிழைக்கிற எங்களில் பலருக்கு இப்போது வெளிநாட்டு வேலையும் வருகிறது. லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் "ஊர்ப் பொடியனே வந்து எடுக்கட்டும்" என்று டிக்கட் போட்டுக் கூப்பிடுகிறார்கள். சிலர் சென்னைக்குப் போய் மண்டபத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எந்த லென்ஸ், எந்த லைட் என்று எங்களுக்குள் விடிய விடியப் பேசுவோம். அந்தச் சாமானை எயார்போட் செக்கிங் தாண்டி முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று மட்டும் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. போன கிழமை கல்முனையிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்து, "அண்ணன், முதல் தடவை போறன், பாக்கை எப்படி அடுக்கிற?" என்று கேட்டான். போனில் சொன்னது காணாது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

அவனுக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: ஸ்கேனருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் ஒரு படத்தைத்தான் பார்க்கிறார். அந்தப் படம் தெளிவாக விழும்படி பையை அடுக்குவது உன் வேலை.

எக்ஸ்ரே திரையில் எல்லாமே நிறமாகத்தான் வரும். துணி, புத்தகம், சாப்பாடு, மா, தூள் எல்லாம் செம்மஞ்சள். இரும்பு, செம்பு போன்ற உலோகம் நீலம். அலுமினியம் மாதிரி இடைப்பட்டவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்குத் தடிப்பானது கறுப்பாக நிற்கும். தூரத்தில் இருப்பதைக் கிட்ட எடுக்கிற 70-200 லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருபதளவில் கண்ணாடித் துண்டுகள், சுற்றிவர உலோகம், நடுவில் மோட்டார். அதை நிமிர்த்தி வைத்தால் மேலிருந்து பார்க்கிற கதிருக்கு அது ஒரு கறுப்பு வட்டம். அதற்குக் கீழே இரண்டு பற்றறி, பக்கத்தில் சுருட்டிய சார்ஜர் வயர், மேலே ஒரு பிளாஷ் என்று திணித்திருந்தால், திரையில் தெரிவது கமராச் சாமான் அல்ல, வயர் சுற்றிய கறுப்புக் கட்டி ஒன்று. அதைப் பார்த்துவிட்டுப் பையைத் திறக்கச் சொல்லாவிட்டால்தான் அந்த மனிதர் தன் வேலையைச் செய்யவில்லை.

அதனால் என் பையில் ஒன்றின்மேல் ஒன்று கிடையாது. நீள லென்ஸ் படுத்துக் கிடக்கும். பொடியும், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கமராவும், லென்ஸும் கழற்றித் தனித்தனி அறையில், மூடி போட்டு இருக்கும். பற்றறி எல்லாம் ஒரு சின்னப் பையில், வயர் எல்லாம் இன்னொரு சின்னப் பையில், இரண்டும் மேலேயே இருக்கும். கேட்டால் இரண்டையும் ஒரு கையால் எடுத்துத் தட்டில் வைத்துவிடலாம். ஸ்டூடியோவில் இருந்து கிளம்புகிறபோது வேகத்துக்காக லென்ஸைப் பொடியிலேயே மாட்டி வைப்போமே, அந்தப் பழக்கம் பிளேனுக்குச் சரிவராது. ஆட்டத்தில் லென்ஸ் பூட்டுகிற மவுண்ட் இழுபடுவது ஒரு பக்கம், திரையில் அடையாளம் தெரியாமல் போவது இன்னொரு பக்கம்.

தூசி ஊதுகிற ரப்பர் குமிழ் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் வைத்திருப்பது ராக்கட் உருவத்தில், அடியில் செட்டை வைத்தது. திரையில் அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அதை எப்போதும் வெளிப் பொக்கற்றில் வைப்பேன், கேட்குமுன்னே கைக்கு வரட்டும் என்று. ஒரு தடவை அதை வெளியே எடுத்த பெண் அலுவலர், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்ல அமத்தினார். காற்று முகத்தில் அடித்தது. பக்கத்து மெசின்காரரைக் கூப்பிட்டு அவர் முகத்திலும் ஒரு தரம் அடித்துவிட்டுத் தந்தார். ரப்பர் குமிழ் பரவாயில்லை. டப்பாவில் அடைத்த காற்று ஸ்பிரே மட்டும் வேண்டாம், அது கையிலும் போகாது, பெட்டியிலும் போகாது. லென்ஸ் துடைக்கிற திரவம் 100 மில்லிக்குள் இருந்தால் கைப்பையில் போகலாம். ஸ்குரூ டிரைவர், மடக்குக் கத்தி, ட்ரைபொட் தட்டு இறுக்குகிற சாவி எல்லாம் பெட்டிக்குள்.

எங்கள் ஊரில் இருந்து போகிறவர்களுக்கு எயார்போட் என்பது கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கதான். மட்டக்களப்புத் திமிலைதீவில் ஓடுபாதை இருக்கிறது, பெயரும் சர்வதேச விமான நிலையம்தான், ஆனால் லண்டன் பிளேன் அங்கே வந்து நிற்கப் போவதில்லை. ஆக ராவோடு ராவாக வான் வண்டியில் வாழைச்சேனை, வெலிகந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறேழு மணித்தியாலம். உண்மையைச் சொன்னால் கமராவுக்கு மோசமான பயணம் இதுதான், பிளேன் இல்லை. டிரைவர் பெட்டிகளைப் பின்னால் அடுக்கும்போது கமராப் பையையும் வாங்கிப் போடப் பார்ப்பார். கொடுக்காதீர்கள். மடியிலோ காலடியிலோ இருக்கட்டும்.

வான் வருவதற்கு முன்னால் இன்னொரு சோதனை வீட்டிலேயே நடக்கும். "மகன், லண்டனுக்குத்தானே போற, இந்தச் சின்னப் பார்சலை மட்டும்..." என்று மாமி ஒருவர் வருவார். பார்சலில் மிளகாய்த்தூள், அரிசிமா, கருவாடு, ஏறாவூர்ப் பக்கத்து முந்திரிப் பருப்பு. வாங்காமல் இருக்க முடியாது, வாங்குங்கள். ஆனால் அதில் ஒரு துண்டும் கமராப் பைக்குள் போகக் கூடாது. திரையில் தூள் செம்மஞ்சளாக வரும் என்றேன் அல்லவா? வெடிமருந்தும் அதே நிறத்தில்தான் வரும். வயர், பற்றறி, நடுவில் ஒரு செம்மஞ்சள் பொட்டலம் என்றால் எந்த நாட்டிலும் பையைக் கவிழ்த்துக் கொட்டித்தான் பார்ப்பார்கள். பொட்டலம் வெடித்து மிளகாய்த்தூள் லென்ஸ் வளையத்துக்குள் போனால் அது தனிக் கதை.

கட்டுநாயக்கவில் உள்ளே நுழைகிற இடத்திலேயே ஒரு ஸ்கேன், பெட்டி எல்லாவற்றுக்கும். குடிவரவு தாண்டி கேட்டுக்குப் போகும்போது இன்னொன்று. முதலாவதில் சனம் நிறைய இருக்கும், வழியனுப்ப வந்த குடும்பம், டிரொலி, அழுகை எல்லாம் கலந்து கிடக்கும். அங்கே நான் பையைப் பெட்டிக்குப் பிறகு பெல்ட்டில் போடுவேன், முன்னால் அல்ல. நாம் அந்தப் பக்கம் போவதற்குள் பை மட்டும் தனியாக வெளியே வந்து கிடக்கக் கூடாது. முன்னால் நிற்கிறவர் கடந்து, நடந்து போகிற சோதனைக் கதவு எங்களுக்குக் காலியாகும் வரைக்கும் பையைக் கையில் வைத்திருந்தால் போதும்.

"மல்லி, மேக அரின்ன" (தம்பி, இதைத் திற) என்று சிங்களத்தில் கேட்டால் பதறத் தேவையில்லை. எங்கள் வயசுக்காரருக்குப் பை திறப்பது புதிதும் அல்ல. யுத்த காலத்தில் மன்னம்பிட்டியிலும் வெலிகந்தையிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து, திறந்து காட்டி, மறுபடி ஏறின ஆட்கள் நாங்கள். அந்தக் காலத்தில் கமரா வைத்திருந்தால் கேள்வி இரண்டு மடங்கு. அந்தப் பழக்கத்தில் இப்போதும் சொல்லுமுன்னே பையின் சிப்பைத் திறந்து, சாமானை அள்ளி வெளியே வைக்கத் தொடங்கிவிடுகிறோம். எயார்போட்டில் அது சரிவராது. பல நாடுகளில் அலுவலர் பையைச் சோதிக்கும்போது பயணி அதற்குள் கை விடக் கூடாது. விட்டால் சத்தம் போடுவார்கள். முதலில் வாயால் கேளுங்கள்: "லென்ஸ் இருக்கு, நான் எடுத்துத் தரட்டா?" பெரும்பாலும் சரி என்பார்கள். இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லத் தயங்க வேண்டாம்: பொடியின் மூடியைக் கழற்றினால் உள்ளே விரல் படக் கூடாது என்று. சிரித்த முகத்தோடு சொன்னால் கேட்பார்கள்.

கமராவை ஓன் பண்ணிக் காட்டச் சொல்வதும் உண்டு. 2014இல் அமெரிக்கா போகிற சில விமானங்களுக்கு, வேலை செய்யாத மின்சாதனத்தை ஏற்ற மாட்டோம் என்று சட்டமே வந்தது. எனவே ஒவ்வொரு பொடியிலும் சார்ஜ் உள்ள ஒரு பற்றறி இருக்கட்டும்.

சரி, பற்றறிக்கு வருவோம். எயார்போட்டில் கமராக்காரனுக்கு வருகிற பிரச்சினையில் பெரும்பங்கு இதுதான், அதிலும் ஆட்கள் மாறி மாறித் தப்பான விசயம் சொல்கிற இடமும் இதுதான். "பற்றறியைப் பெட்டியில் போடு, கையில் விடமாட்டான்" என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நேர் எதிர். மேலதிக லித்தியம் பற்றறி, அதாவது எந்தக் கருவிக்குள்ளும் மாட்டாத பற்றறி, பெட்டியில் போகவே கூடாது, கையோடுதான் வரவேண்டும். பவர் பாங்கும் அப்படியே. காரணம் எளிது: லித்தியம் பற்றறி தீப்பிடித்தால் கபினுக்குள் யாராவது பார்த்து அணைக்கலாம், கீழே சாமான் அறையில் பிடித்தால் யாரும் இல்லை.

அளவு பார்ப்பது வாட் அவரில், அதாவது பற்றறி மொத்தமாகப் பிடித்து வைத்திருக்கிற சக்தியில். பற்றறியின் மேலேயே அடித்திருக்கும். இல்லாவிட்டால் வோல்ட்டை அம்பியர் அவரால் பெருக்கினால் வந்துவிடும். சோனியின் எஃப்இசட் 100 பற்றறி 7.2 வோல்ட், 2280 மில்லி அம்பியர் அவர், அதாவது 2.28 அம்பியர் அவர். பெருக்கினால் 16.4 வாட் அவர். 100 வாட் அவர் வரைக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் மேலதிகமாக இரண்டுதான். 160க்கு மேல் பயணியோடு போகாது. சாதாரணக் கமராப் பற்றறி எதுவும் இந்தக் கோட்டுக்குக் கிட்டவும் வராது. பெரிய லைட் வைத்திருப்பவர்கள் பயப்படுவார்கள், தேவையில்லை. கொடொக்ஸ் ஏடி 600 ப்ரோவின் பற்றறி 28.8 வோல்ட், 2600 மில்லி அம்பியர் அவர், கிட்டத்தட்ட 75 வாட் அவர்தான். லைட்டின் தலையைப் பெட்டியில் போட்டு, பற்றறியைக் கழற்றிக் கையில் எடுக்கலாம். பவர் பாங்கில்தான் கவனம் தேவை. 20,000 மில்லி அம்பியர் அவர் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் அவர், சரி. 30,000 என்று போட்டிருப்பது 111, அனுமதி கேட்க வேண்டிய வகைக்குள் போய்விடும்.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி ஒருவருக்கு மேலதிகப் பற்றறி இருபது. சில நிறுவனங்கள் இதைவிடக் குறைத்து வைத்திருக்கின்றன, டிக்கட் எடுத்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பாங்க் விசயத்தில் 2025இலிருந்து இறுக்கம் கூடிவிட்டது. அந்த வருசம் ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் பூசானில், புறப்பட நின்ற எயார் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. மேல் தட்டில் இருந்த பவர் பாங்க் ஒன்றுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு சிங்கப்பூர் எயார்லைன்ஸ் ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பாங்கால் சார்ஜ் பண்ணுவதை நிறுத்தியது. எமிரேட்ஸ் ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பாங்க், அதுவும் 100 வாட் அவருக்குள், பயன்படுத்தவே கூடாது என்று ஆக்கியது. டுபாய் வழியாகப் போகிற எங்கள் ஆட்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போகிற வழியில் பற்றறி சார்ஜ் பண்ணலாம் என்று நினைக்காமல், வீட்டிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

மேலதிகப் பற்றறிகளின் உலோக முனைகள் ஒன்றோடொன்றோ சாவிக்கொத்தோடோ உரசக் கூடாது. கம்பனி தருகிற பிளாஸ்டிக் மூடி இருந்தால் போடுங்கள். அது முதல் நாளே தொலைந்திருக்கும், எனக்குத் தெரியும். அப்படியென்றால் ஒரு துண்டு டேப் ஒட்டினால் சரி. பிளாஷுக்குப் போடுகிற டபிள் ஏ பற்றறிகளுக்கு நாலு நாலாகப் போடுகிற பிளாஸ்டிக் பெட்டி கடையில் கிடைக்கும். பெயர், அளவு எதுவும் அடிக்காத மலிவுப் பற்றறிகளைப் பயணத்துக்கு எடுக்காமல் விடுவது நல்லது. அளவு தெரியாத பற்றறியை அலுவலர் வாங்கி வைத்துக்கொண்டால் எங்களிடம் காட்ட ஒன்றும் இராது.

எங்களோடு லைட் பிடிக்க வருகிற தம்பி ஒருவன், ஒரு பயணத்தில், பிளாஷ் பற்றறி ஒன்றை ஸ்டான்ட் பையின் ஓரப் பொக்கற்றில் விட்டுவிட்டான். போடிங் தொடங்குகிற நேரம் ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்தது. பெயரை அவர்கள் சொன்ன விதத்தில் அது தன் பெயர் என்றே முதலில் அவனுக்கு விளங்கவில்லை. கீழே ஒரு அறைக்குக் கூட்டிப்போய், அவன் முன்னாலேயே பெட்டியைத் திறக்க வைத்து, பற்றறியை எடுத்து, தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். பெட்டி பிளேனில் ஏறியது. பற்றறி ஏறவில்லை. அவன் திரும்பி ஓடிவரும்போது கேட்டில் நானும் இன்னும் மூன்று பேரும்தான் மிச்சம். மாப்பிள்ளை வீட்டில் பிளாஷ் ஒன்றோடு சமாளித்தோம். இப்போது பெட்டி பூட்டுவதற்கு முன் எல்லாரும் எல்லாப் பொக்கற்றுக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பது எங்கள் குழுவில் ஒரு சடங்கு மாதிரி.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஆட்கள் அதிகம் யோசிக்காதது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பது ஏடிஆர் வகைச் சின்னப் பிளேன். மேல் தட்டு குட்டி. கமரா ரோலர் பை அதற்குள் போகாது, வாசலில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். பெரிய பிளேனிலும் கடைசியில் ஏறினால் இதே கதை நடக்கலாம். பையைக் கேட்டில் பறி கொடுக்க வேண்டி வந்தால், கொடுக்குமுன் பற்றறிப் பையையும் பவர் பாங்கையும் எடுத்துவிட வேண்டும். சட்டமும் அதுதான். பற்றறியைத் தனிச் சின்னப் பையில் மேலேயே வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். கூடவே ஒரு பொடியும் ஒரு லென்ஸும் மெமரி காட்டுகளும் கையோடு வரட்டும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முறைத்தாலும் பரவாயில்லை.

இப்போது நிறை. பெரும்பாலான நிறுவனங்களில் சாதாரண டிக்கட்டுக்குக் கைப்பை ஏழு கிலோ. நம் சாமானைக் கூட்டிப் பாருங்கள். பற்றறியோடு இரண்டு பொடி, ஒன்று 900 கிராம் என்றால் 1.8 கிலோ. 24-70 லென்ஸ் 800 கிராம். 70-200 ஒன்றரைக் கிலோ. ஒரு 35 லென்ஸும் ஒரு 85 லென்ஸும் சேர்ந்தால் 1.2 கிலோ. பிளாஷ் இரண்டு ஒரு கிலோவுக்கு மேல். பற்றறி அரைக் கிலோவுக்கு மேல். ஏழு முடிந்துவிட்டது, இன்னும் பையையே நிறுக்கவில்லை. நல்ல மெத்தை வைத்த கமராப் பை வெறுமையாகவே இரண்டு கிலோ இருக்கும்.

இதற்கு என் வழி: பாரமான பேர்போன பையை வீட்டில் விட்டுவிட்டு, சாதாரண மெல்லிய முதுகுப் பைக்குள் மெத்தை அறைகளை மட்டும் வைப்பது. பார்ப்பவருக்கும் அது கமராப் பை என்று தெரியாது, அதுவும் நல்லது. பிளாஷ் தலை இரண்டும் பெட்டிக்குள், சாரத்தில் சுற்றி. ட்ரைபொட், ஸ்டான்ட், சொப்ட் பொக்ஸ் எல்லாம் பெட்டிக்குள்தான். ட்ரைபொட்டைக் கையில் கொண்டுபோக விடுகிற எயார்போட்டும் உண்டு, விடாததும் உண்டு, நம்பிப் போகக் கூடாது. இரண்டு பேராகப் போனால் உதவியாளனின் ஏழு கிலோவும் நம்முடையதுதான், சாமானைப் பிரித்துவிடலாம். ஒரு பொடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கவுண்டருக்குப் போகிறவர்கள் உண்டு, நானும் போயிருக்கிறேன். பெரும்பாலும் அதை நிறுப்பதில்லை. ஆனால் அது கவுண்டரில் இருப்பவரின் நல்ல மனசு, நம் உரிமை அல்ல. நிறுத்தால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டுப் போக வேண்டும். பொக்கற் நிறைந்த ஜக்கட் ஒன்று அந்த நேரத்தில் கைகொடுக்கும். இரண்டு லென்ஸ் அதற்குள் போய்விடும். கவுண்டரில் அவசரப்பட்டு மெத்தை இல்லாத பெட்டிக்குள் லென்ஸைத் திணிப்பது மட்டும் வேண்டாம்.

கட்டாயமாகவே கீழே போட வேண்டிய நாளும் வரலாம். 2017 மார்ச்சில் டோஹா, டுபாய், அபுதாபி உட்பட்ட சில எயார்போட்டுகளிலிருந்து அமெரிக்கா போகிற விமானங்களில், போனை விடப் பெரிய மின்சாதனம் எதுவும் கபினுக்குள் கூடாது என்று தடை வந்தது. கமராவும் அதில் அடக்கம். ஜூலையோடு தடை நீங்கிவிட்டது. அப்படி ஒரு நாள் மறுபடி வரலாம் என்று பெட்டிக்குள் ஒரு பழைய மெத்தை அறையை மடித்து வைத்திருக்கிறேன். மூன்று சேட்டின் இடம்தான் எடுக்கிறது.

சென்னையில் முறை வேறு. கைப்பைக்குள் இருக்கிற கமரா, சார்ஜர், பவர் பாங்க், வயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் பரப்பச் சொல்வார்கள். நிற்பவர் ஹிந்தியில்தான் பேசுவார், "கமரா பாஹர்" (கமரா வெளியே) என்பது விளங்கினால் போதும். மூன்று நாலு தட்டு ஆகும். தட்டுகளின் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எனக்கு முதல் தட்டு செருப்பும் பெல்ட்டும், நடுவில் வயரும் லென்ஸும், கடைசி கமராப் பொடி. அந்தப் பக்கம் போய் நிற்கும்போது விலையானது கடைசியாக வரும், அதற்குள் நான் அங்கே நிற்பேன். பையைச் சுற்றிவரப் படம் எடுக்கிற சிடி ஸ்கேனர் வைத்திருக்கிற புது எயார்போட்டுகளில் ஒன்றும் எடுக்க வேண்டாம், பையை அப்படியே போடு என்பார்கள். பழக்கத்தில் எடுத்துப் பரப்பினால் அங்கே அதற்கும் ஏசுவார்கள். முன்னால் நிற்கிறவர் செய்வதைப் பார்த்துச் செய்வதுதான் வழி.

டோஹாவிலோ டுபாயிலோ பிளேன் மாறினால் அங்கேயும் ஒரு ஸ்கேன் இருக்கிறது என்பதை மறந்து, முதல் பிளேனிலேயே பையைக் கலைத்து, பற்றறியை ஒரு பக்கம், ஹார்ட் டிஸ்க்கை ஒரு பக்கம் என்று போட்டுவிடாதீர்கள்.

சில நேரம் சின்னத் துணித் துண்டு ஒன்றால் கமராவையும் பையின் கைப்பிடியையும் துடைத்து, ஒரு மெசினுக்குள் வைப்பார்கள். வெடிமருந்துத் துகள் பார்க்கிற மெசின். இது எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் முக்கியம். கோயில் தீர்த்தத்திலும் கலியாண ஊர்வலத்திலும் சீனவெடி, பூவாணம் என்று புகைக்குள் நின்றுதானே படம் எடுக்கிறோம்? அம்பாறைப் பக்கம் வயல்காரக் குடும்பம் என்றால் பை கிடப்பது உர மூட்டைக்குப் பக்கத்தில். வெடியின் துகளும் நைத்திரேற்று உரத்தின் துகளும் அந்த மெசினைச் சத்தம் போட வைக்கலாம். கைக்குப் பூசுகிற கிளிசரின் கிரீம்கூட வைக்கலாம். சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை, இன்னொரு தரம் சோதித்து, கேள்வி கேட்டு விடுவார்கள். ஆனால் பிளேன் பிடிக்கிற அவசரத்தில் அந்த அரை மணித்தியாலம் பெரிசு. பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பையையும் பட்டியையும் ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தால் தீர்ந்தது.

எக்ஸ்ரே பட்டு மெமரி காட் அழியுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழியாது. கமரா சென்சருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒன்றும் ஆகாது. பிலிம் வேறு. இப்போது ஆசைக்குப் பிலிம் போடுகிற இளம் பொடியன்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்கிறேன்: பிலிமைப் பெட்டியில் போடவே கூடாது, கீழே இருக்கிற ஸ்கேனர் கடுமையானது. பழைய வகைக் கைப்பை ஸ்கேனர் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணர்கிற வேகம், 800க்குக் கீழே உள்ள பிலிமை ஓரிரு தரத்தில் பெரிதாகப் பாதிக்காது. சிடி ஸ்கேனர் ஒரு தரத்திலேயே கெடுக்கக்கூடியது. ரோல்களை டப்பாவை விட்டு எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் பார்க்கும்படி கேளுங்கள். எல்லா இடத்திலும் சம்மதிக்க மாட்டார்கள். ஈயத் தகடு வைத்த பையில் ஒளித்துக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை, திரையில் கறுப்பாகத் தெரிந்தால் எப்படியும் வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

ட்ரோன். இந்தியாவுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். 2022 பெப்ரவரியிலிருந்து அங்கே வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, பயணப் பையில் வருவதையும் சுங்கத்தில் கேட்பார்கள். சென்னைக் கலியாணத்துக்கு மேலிருந்து படம் வேண்டுமென்றால் அங்கேயே ஒருவரைப் பிடிப்பதுதான் வழி.

சாமான் முழுவதையும் மேசையில் பரப்பி, தொடர் இலக்கம் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பில் இருந்தால் அதையும். போகும்போதே கட்டுநாயக்கவில் சுங்கத்திடம் காட்டிப் பதிந்துகொண்டால், திரும்பும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற பேச்சு நீளாது. இரண்டு பொடி, நாலு லென்ஸோடு இறங்குகிறவனை அந்த நாட்டுக் குடிவரவில் என்ன வேலைக்கு வந்தாய் என்று கேட்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். எந்த விசாவில் என்ன செய்யலாம் என்பதை டிக்கட் போடுமுன்னே கூப்பிட்டவரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விசயம் அது.

திரும்பி வருகிறபோது பையில் விலையானது கமரா அல்ல, மெமரி காட்டுகள். பொடி தொலைந்தால் கடன்பட்டாவது வாங்கலாம், தாலி கட்டினதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. காட் சட்டைப் பொக்கற்றில், பொத்தான் பூட்டி. ஒரு பிரதி என் பையில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று உதவியாளன் பையில். மூன்றும் ஒரே தட்டில் ஸ்கேனருக்குள் போகாதபடி பார்த்துக்கொள்வோம். முடிந்தால் கலியாண வீட்டாரிடமே ஒரு பிரதியை விட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது.

கட்டுநாயக்கவில் குளிரூட்டிய கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் வெக்கையும் ஈரமும் முகத்தில் அடிக்கும். குளிர்ந்த லென்ஸை அந்தக் காற்றில் திறந்தால் உடனே ஆவி படிந்து பூத்துவிடும், உள்ளேயும் ஈரம் பிடிக்கும். குறைந்தது அரை மணித்தியாலம் பையைப் பூட்டியபடியே வைத்திருங்கள். கூட்டிப்போக வந்த சொந்தக்காரர்கள் "எல்லாரும் நிற்கிறம், ஒரு படம் எடுவன்" என்பார்கள். போனில் எடுங்கள்.